உள்பிடி

சாவி ஆணியில் இல்லை.

காலையில் பட்டறைக் கதவைத் திறந்து விளக்கைப் போட்ட கையோடு, பார்க்காமலே வலது கையை நீட்டுவது மூத்தவரின் வழக்கம். கை நேராக லேத்துக்கு மேலே இருக்கும் ஆணிக்குப் போகும். சாவி அதில் தொங்கும். அன்று விரல்கள் வெறும் ஆணியின் தலையைத் தொட்டு நின்றன. அப்புறம்தான் திரும்பிப் பார்த்தார். சாவி சக்கிலேயே செருகி நின்றது.

மற்றவர்களுக்கு இது ஒரு விஷயமாகவே தோன்றாது. கடைசல் வேலை தெரிந்தவர்களுக்கு முதுகு சில்லிடும். லேத்தின் சுழலும் தண்டில் இருந்துகொண்டு மரக்கட்டையைக் கவ்விப் பிடிக்கும் இரும்பு வாய்தான் சக்கு. அதன் தாடைகளைத் திறக்கவும் மூடவும் ஒரு சாவி உண்டு. வேலை முடிந்ததும் சாவியை உருவி ஆணியில் மாட்டிவிட வேண்டும். மறந்துபோய் அப்படியே விட்டு, அடுத்து வருகிறவர் கவனிக்காமல் சுவிட்சைப் போட்டால், சாவி எந்தப் பக்கம் பறக்கும், யார் நெற்றியில் இறங்கும் என்று சொல்ல முடியாது. அந்தப் பட்டறையின் முதல் சட்டம் அதுதான். இரண்டாவது சட்டம் என்று ஒன்று இருந்ததாக யாருக்கும் நினைவில்லை.

முந்தின நாள் சாயங்காலம் கடைசியாக மெஷினில் நின்றவன் தம்பி.

மூத்தவர் சாவியை உருவினார். அது லேசில் வரவில்லை. வாயில் வைத்துக்கொண்ட துணியைக் குழந்தை விடாததுபோல ஒரு பிடிவாதம் காட்டி, பிறகு வந்தது. ஆணியில் மாட்டினார். விரல் தானாகப் போய் இடது கன்னத்துத் தழும்பைத் தடவியது.

அந்தத் தழும்பின் கதையையும் இங்கேயே சொல்லிவிடுவது முறை. பட்டறை ஒன்று, லேத் ஒன்று, அண்ணன் தம்பி இரண்டு பேர். முற்பகல் அண்ணனுக்கு, பிற்பகல் தம்பிக்கு என்று பங்கு. பழைய சக்கு அப்பா காலத்தது. மூன்று தாடை, அதில் ஒன்று கிழவர் பல்போல ஆடும். ஒரு நாள் தம்பி சாயங்காலம் ஒரு கனமான கட்டையை மாட்டி வைத்துவிட்டுப் போனான். மறுநாள் காலையில் மூத்தவர் அதை நம்பிச் சுவிட்சைப் போட்டார். கட்டை பிடியை விட்டு எகிறி, கன்னத்தைக் கிழித்துக்கொண்டு போய்ச் சுவரில் மோதியது. இரண்டு விரற்கடை மேலே போயிருந்தால் கண் போயிருக்கும்.

"நான் இறுக்கிட்டுத்தான் போனேன்ணே," என்றான் தம்பி, ஆஸ்பத்திரிக் கட்டில் பக்கத்தில் நின்று.

"சரிடா," என்றார் மூத்தவர்.

சொன்னது அவ்வளவுதான். அதற்கு முந்தின வாரம்தான் தம்பி தனியாகப் போவதைப் பற்றிப் பேச்செடுத்திருந்தான், இவர் முடியாது என்றிருந்தார். கன்னத்துத் தையலைப் பிரித்தார்கள். வேண்டுமென்றே செய்தானோ என்று மனசுக்குள் தைத்த முள் மட்டும் அப்படியே நின்றது.

புதுச் சக்கு வாங்கத்தான் வேண்டும் என்று ஆனது அந்த விபத்தால்தான். இருவரும் சேர்ந்தே கடைக்குப் போனார்கள். மண்ணெண்ணெயும் துருவும் மணக்கும் நீளமான, இருட்டான இரும்புச் சாமான் கடை. கடைக்காரர் முதலில் ஒன்றை எடுத்து மேசையில் வைத்தார். அழகான, இலேசான சக்கு. ஆனால் சாவி கிடையாது, இரண்டு கம்பிகளைச் செருகி இரண்டு கையாலும் திருகினால்தான் தாடை நகரும்.

"ரெண்டு கையும் கம்பியில இருந்தா கட்டையை யார் புடிச்சுக்கிறது?" என்றான் தம்பி. "மூணாவது கைக்கு வீட்ல இருந்து அண்ணியைத்தான் கூட்டிட்டு வரணும்."

"அவ வந்தா உன்னைத்தான் முதல்ல மாட்டிச் சுத்துவா," என்றார் மூத்தவர். கடைக்காரர் சிரித்தார்.

இரண்டாவது பெரியது, பூசணிக்காய் அளவு. எதையும் பிடிக்கும். மூத்தவர் அதைத் தூக்கிப் பார்த்துவிட்டுக் கீழே வைத்தார். இவ்வளவு கனத்தைச் சுற்றினால் நம் மெஷின் தண்டே தளர்ந்துவிடும். நல்ல சக்கு என்பது பெரியது இல்லை, மெஷினுக்குத் தக்கது. தண்டின் திருகுமரையும் சக்கின் மரையும் ஒன்றாக இருக்க வேண்டும், தாடைகள் எல்லாம் ஒரே சீராக நகர வேண்டும், சாவி ஒரு கையில் திரும்ப வேண்டும். அவர் இதையெல்லாம் நிதானமாகச் சொல்லிக்கொண்டிருந்தபோது தம்பி குனிந்து கீழ்த்தட்டைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

"அது என்னங்க?"

கீழ்த்தட்டில், மற்றச் சாமான்களிலிருந்து விலகி, ஒரு சக்கு மல்லாந்து கிடந்தது. நான்கு தாடைகளுக்கு நடுவே ஒரு பழந்துணி திணிக்கப்பட்டிருந்தது.

"அது வித்துத் திரும்பி வந்த சாமான்," என்றார் கடைக்காரர்.

"என்ன கோளாறு?"

"கோளாறு எதுவும் இல்ல. நல்லாப் புடிக்கும்."

"நல்லாப் புடிக்கிற சாமானை யாருங்க திருப்பிக் குடுப்பாங்க?" என்றார் மூத்தவர்.

கடைக்காரர் துணியை உருவினார். அது வரும்போது தாடைகள் லேசாகச் சப்புக்கொட்டியதுபோல் ஒரு சத்தம் வந்தது. எண்ணெய்ப் பிசுக்காக இருக்கும். "வாங்கினவர் வரலைங்க. அவர் வீட்டம்மாதான் கொண்டாந்து மேசையில வச்சாங்க. என்னம்மா, அவருக்குப் புடிக்கலையான்னு கேட்டேன். 'ரொம்பப் புடிச்சிருச்சு'ன்னாங்க. அப்படியே போயிட்டாங்க. திரும்பிக்கூடப் பாக்கல."

தம்பிக்குச் சிரிப்பு வந்தது. மூத்தவருக்கு வரவில்லை.

ஆனால் சாமான் என்னவோ அருமையான சாமான்தான். மரை சரியாக இருந்தது. கனம் சரியாக இருந்தது. நான்கு தாடைகளும் நுனியில் வெளிப்பக்கமாக, உதடு பிதுக்கியதுபோல, லேசாக விரிந்திருந்தன. கடைக்காரர் ஒரு உருளைக் கட்டையை நடுவில் வைத்துச் சாவியை வலப்பக்கம் திருப்பினார். தாடைகள் ஒன்றாகக் கூடி அதைக் கவ்வின. அப்புறம் ஒரு மரவளையத்தை எடுத்துத் தாடைகளின்மேல் மாட்டிச் சாவியை இடப்பக்கம் திருப்பினார். தாடைகள் விரிந்து வளையத்தை உள்ளிருந்து பிடித்துக்கொண்டன.

"வெளிப்பிடி, உள்பிடி ரெண்டும் உண்டு. உங்க பழைய சக்குல உள்பிடி கிடையாதில்ல? அப்போ ஒண்ணு கவனம். வெளிப்பிடிக்கு வலம் இறுக்கும், இடம் விடும். உள்பிடிக்கு அப்படியே தலைகீழ். இடம் திருப்புனா இறுக்கம். விடணும்னா வலம். பழகின கை தப்புப் பண்ணும், பாத்துக்குங்க."

தம்பி தாடைகளுக்கு நடுவே கட்டைவிரலை விட்டுப் பார்த்துக்கொண்டிருந்தான்.

"புடிச்சிருக்கா?" என்றார் கடைக்காரர்.

"புடிச்சிருக்கு," என்றான். பிறகு விரலை இழுத்தான். மறுபடி இழுத்தான். "யோவ், நெஜமாவே புடிச்சிருக்கு!" என்று சிரித்தபடி உருவிக்கொண்டு விரலை ஊதினான். நகத்துக்குக் கீழே நான்கு சின்னப் பிறைகள்.

சாவி அப்போது மேசைமேல் கிடந்தது. மூத்தவர் அதைக் கவனித்தார். கவனித்ததை ஏனோ யாரிடமும் சொல்லவில்லை.

முதல் சில நாட்கள் குறை சொல்ல ஒன்றும் இல்லை. கட்டை ஆடவில்லை, உளி துள்ளவில்லை, சீவல் நாடா நாடாவாகச் சுருண்டு விழுந்தது. ஒரே ஒரு தடவை, கடைந்து முடித்த கிண்ணத்தை உள்பிடியிலிருந்து கழற்றப்போன மூத்தவரின் கை, முப்பது வருடப் பழக்கத்தில் சாவியை இடப்பக்கம் திருப்பிவிட்டது. தாடைகள் விடுவதற்குப் பதில் விரிந்தன. கிண்ணம் சட்டென்று நான்காகப் பிளந்து காலடியில் விழுந்தது. வாசலில் நின்ற தம்பி கைகொட்டிச் சிரித்தான்.

"அண்ணே, உன் கையை மறுபடி ஒண்ணாங் கிளாஸ்ல சேக்கணும் போல!"

"சேத்தா நீதான் பக்கத்து பெஞ்ச்," என்றார் அவர். அப்போது அதுவும் ஒரு சிரிப்பாகவே போயிற்று.

அதற்கு அடுத்துத்தான் சாவி ஆணியில் இல்லாத காலை வந்தது. மறுநாளும் வந்தது. அதற்கு மறுநாளும். ஒவ்வொரு முறையும் சாவி சக்கில் செருகியிருக்கும். ஒவ்வொரு முறையும் தாடைகள், முந்தின நாள் மூடி வைத்ததிலிருந்து, கொஞ்சம் திறந்திருக்கும். கொட்டாவியின் ஆரம்பம் மாதிரி.

கேட்டே விடுவது என்று ஒரு மத்தியானம் அவர் வீட்டுக்குப் போகாமல் காத்திருந்தார். தம்பி சைக்கிளை நிறுத்திவிட்டு உள்ளே வந்தான்.

"ஏண்டா, சாவியைச் சக்குலயே விட்டுட்டுப் போறியே, என் மேல என்ன கோபம் உனக்கு?"

தம்பி திரும்பி அவர் முகத்தைப் பார்த்தான். "அதை நான் உன்கிட்ட கேக்கணும்னு இருந்தேன். மத்தியானம் நான் வரும்போதெல்லாம் அதுல சாவி நிக்குதே, அது யார் வேலை?"

"நான் ஆணியில மாட்டிட்டுத்தான் போறேன்."

"நானும் மாட்டிட்டுத்தான் போறேன்."

"அப்போ சக்குல சாவி செருக மூணாவது ஆள் வர்றானா?"

"வந்தா வாடகை கேளு," என்றான் தம்பி. சிரிக்க முயன்றான். சிரிப்பு பாதியில் நின்றுவிட்டது. இருவரும் ஆணியைப் பார்த்தார்கள். சாவி அதில்தான் தொங்கிக்கொண்டிருந்தது. காற்றே இல்லாத பட்டறையில், மெல்ல, இப்படியும் அப்படியும் ஆடிக்கொண்டு.

பொய் சொல்கிறான் என்று மூத்தவருக்குப் பட்டது. இவ்வளவு இயல்பாகப் பொய் சொல்ல எங்கே கற்றுக்கொண்டான் என்றுதான் அன்று முழுக்க யோசித்தார்.

பிறகு தடயங்களைக் கண்டுபிடித்தார். முக்காலியின் காலில் நான்கு பிறைக்குழிகள், சுற்றிவர, ஒரே இடைவெளியில். துடைப்பக் கட்டையில் நான்கு. கதவின் மரத்தாழ்ப்பாளில் நான்கு. சக்கு கவ்விய மரத்தில் விழும் அதே கடிவாய். ஆனால் முக்காலிக் காலை யார் கழற்றி லேத்தில் மாட்டுவார்கள்? தாழ்ப்பாளோ ஆணியடித்துக் கதவோடு நிற்பது.

அப்புறம் கடி உள்ளே போயிற்று. அலமாரியில் கவிழ்த்து வைத்திருந்த கிண்ணங்கள் உள்பக்கமிருந்து வெடித்திருந்தன. மூலையில் இருந்த மண்பானையின் கழுத்து, யாரோ வாய்க்குள் கைவிட்டு விரித்ததுபோல, வெளிப்பக்கமாக நொறுங்கிக் கிடந்தது. சிதறிய தண்ணீர் தரையில் மரத்தூளைக் குழைத்து ஒரு கோடாக ஓடி, லேத்துக்கு அடியில் போய் நின்றது.

அங்கேதான் ஒரு எலி கிடந்தது.

அவர் முதலில் அதைச் சீவல் பந்து என்று நினைத்துக் குனிந்தார். வால் தெரிந்தது. உடம்பில் காயம் இல்லை. வாய் மட்டும் திறந்திருந்தது. எலியின் வாய் அவ்வளவு திறக்காது. எதன் வாயும் அவ்வளவு திறக்காது.

அவர் அதைக் காகிதத்தில் சுருட்டி வெளியே போட்டுவிட்டு வந்து, குழாயடியில் வெகுநேரம் கைகழுவினார். பயந்தார், சந்தேகமில்லை. ஆனால் மனிதனுக்குப் பயத்தைவிடச் சந்தேகம் வசதியானது. அதற்கு ஒரு முகம் உண்டு, ஒரு பெயர் உண்டு. தம்பி என்னை இங்கிருந்து விரட்டப் பார்க்கிறான். சாவியை வைத்து முடியவில்லை, இப்போது இப்படி. கழுவிய கையைச் சட்டையில் துடைத்தபோது முடிவு செய்துவிட்டார். மத்தியானம் கிளம்பும்போது சாவியை ஆணியில் மாட்டவில்லை. சட்டைப்பையில் போட்டுக்கொண்டார். சாவி இல்லாமல் என்ன செய்கிறான் என்று பார்த்துவிடலாம்.

வீட்டில் மனைவி கேட்டாள். "பையில என்ன, இரும்புக் கடையா வச்சிருக்கீங்க? தையல் விட்டுத் தொங்குது."

"சும்மா இரு. ஒரு காரணமாத்தான்."

"அதுதானே. காரணம் இல்லாம நீங்க தும்மக்கூட மாட்டீங்களே," என்று சொல்லிவிட்டு அவள் உள்ளே போனாள்.

பிற்பகலில் மழை பிடித்துக்கொண்டது. மூத்தவர் ஜன்னலோரம் உட்கார்ந்திருந்தார். போன் அடித்தது. தம்பி.

"அண்ணே, சாவி எங்க?"

"ஆணியில இருக்கும், பாரு."

"இல்லண்ணே."

"சக்குல இருக்கும். வழக்கமா அங்கதானே இருக்கு," என்றார், குரலில் விஷத்தை நன்றாகக் கலந்து.

அந்தப் பக்கம் மழைச் சத்தம் கேட்டது. தகரக் கூரையில் விழும் மழை. தம்பி குரலைத் தாழ்த்திக்கொண்டு பேசினான். "விளையாடாதண்ணே. நீ உள்ளதானே எங்கேயோ நிக்கிற? கட்டை அடுக்குக்குப் பின்னாடி."

"நான் வீட்ல இருக்கேன்."

"பொய் சொல்லாத. இங்க சத்தம் கேக்குது. கரண்டு வேற போயிடுச்சு. சாவியைத் திருப்புற சத்தம்ணே. கிளிக், கிளிக்னு. ஏன் இருட்டுல நின்னு திருப்பிட்டே இருக்க?"

மூத்தவரின் கை சட்டைப்பைக்குப் போயிற்று. சாவி அங்கேதான் இருந்தது. ஆனால் வெதுவெதுப்பாக இருந்தது. உடம்புச் சூடு என்று நினைத்துக்கொண்டார்.

"நல்லா நடிக்கிறடா," என்று சொல்லிப் போனை வைத்தார்.

மறுபடி அடித்தது. எடுக்கவில்லை. மறுபடி. எடுக்கவில்லை. டீயைக் குடித்து முடித்தார். அதன்பிறகு அது அடிக்கவில்லை.

சாயங்காலம், வெளிச்சம் அழுக்குத் தண்ணீர் நிறத்துக்கு வந்தபோது, தம்பியின் மனைவி கூப்பிட்டாள். "மாமா, அவர் அங்க வந்தாரா? போனை எடுத்தாரு, ஆனா பேச மாட்டேங்குறாரு. மூச்சு விடுற சத்தம் மட்டும் கேக்குது. எனக்கு என்னவோ மாதிரி இருக்கு மாமா, நான் பட்டறைக்குப் போய்ப் பாக்குறேன்."

"நீ வேணாம்மா. நான் பாக்குறேன்," என்று சொல்லிவிட்டு அவர் குடையை எடுத்தார்.

ஒரு தெரு, ஒரு சந்து. அவ்வளவுதான் தூரம். தெருவில் வீடுகள் விளக்கில்லாமல் மழைக்குள் குந்தியிருந்தன; ஓட்டை வாய்க்கால் ஒன்று தொண்டையைக் காறுவதுபோல் சத்தம் செய்தது; சந்துக்குள் திரும்பியதும் ஈர மரத்தூளின் புளித்த வாசனை, அவருக்குப் பிறந்ததிலிருந்து பழகிய வாசனை, அன்று என்னவோ அதனோடு வேறொன்றும் கலந்து, காய்ச்சல்காரன் வாய் மாதிரி மணத்தது. தம்பியின் சைக்கிள் சுவரில் சாய்ந்திருந்தது. இருக்கையில் மழைநீர் தேங்கியிருந்தது. கதவு சாத்தியிருந்தது, தாழிடவில்லை.

"டேய்," என்றார் வெளியே நின்று. "போதும் விளையாட்டு. உன் பொண்டாட்டி பயந்து போயிருக்கா."

உள்ளே ஒரு சத்தம். காலிப் புட்டியின் வாயில் ஊதினால் வருமே, அப்படி. நீளமாக. நின்று. மறுபடி நீளமாக.

கதவைத் தள்ளினார்.

இருட்டு முழு இருட்டு இல்லை. ஜன்னல் சாம்பல் நிறமாக இருந்தது. கட்டை அடுக்கு, அலமாரி, லேத் எல்லாம் அதனதன் இடத்தில், அடர்ந்த நிழல்களாக. முக்காலியில் தம்பி உட்கார்ந்திருந்தான், முதுகைக் காட்டிக்கொண்டு, சுவரைப் பார்த்தபடி. பள்ளிக்கூடத்தில் தண்டனை வாங்கிய பிள்ளை போல.

"சாவி என்கிட்டதாண்டா இருந்தது," என்றார் மூத்தவர். "நான்தான் எடுத்துட்டுப் போனேன். சரி, எந்திரி. வீட்டுக்குப் போகலாம்."

தம்பி அசையவில்லை. அந்த ஊதல் மட்டும் வந்தது. அவன் தோள் ஏறி இறங்குவதோடு சேர்ந்து வந்தது.

அவர் கண்ணை லேத்தின் பக்கம் திருப்பினார். ஏன் திருப்பினார் என்று தெரியாது. சுழல்தண்டின் நுனி வெறுமையாக இருந்தது. மரை மட்டும் மங்கலாக மின்னியது.

சக்கு அங்கே இல்லை.

"அ... ஏ..."

அண்ணே என்று சொல்கிறான். நாக்கும் உதடும் இல்லாமல் சொன்னால் அப்படித்தான் வரும்.

"அ... ஏ..."

"திரும்புடா," என்றார்.

தம்பி திரும்பினான். மெதுவாக. தலை கனமாக இருப்பவன் திரும்புவதுபோல, ஒரு கையால் கன்னத்துக்கு அடியில் தாங்கிக்கொண்டு.

முகத்தின் கீழ்ப்பாதி இல்லை. அங்கே ஒரு இரும்பு வட்டம் இருந்தது. நடுவில் மரையிட்ட ஓட்டை. ஓட்டைக்குள் கறுப்பு. அந்தக் கறுப்பு வழியாக மூச்சு ஊதிக்கொண்டு வந்தது. வட்டத்தைச் சுற்றி உதடுகள் வெளுத்து, மெல்லிய கயிறாக இழுபட்டு நின்றன. தாடைகள் நான்கும் உள்ளே. பல்வரிசைக்குப் பின்னால். தாடைக்குள் தாடை.

உள்பிடி.

தம்பியின் கை எழுந்தது. சக்கின் விளிம்பில் இருந்த சின்னச் சதுர ஓட்டையைத் தொட்டது. தொட்டுத் தொட்டுக் காட்டியது. நகங்கள் பிய்ந்திருந்தன. இவ்வளவு நேரமும் விரலாலேயே திருப்பிப் பார்த்திருக்கிறான். போன் மேல் போன் அடித்துவிட்டு, சாவி இல்லாத பட்டறையில், விரலாலேயே.

"ஐயோ. இரு. இருடா. இதோ."

குடை விழுந்தது. பையிலிருந்து சாவியை இழுத்தார். தையல் கிழிந்தது. சாவி சுட்டது. ஓட்டை கிடைக்கவில்லை. தம்பியின் மூச்சு கையில் பட்டது, ஈரமாக. ஓட்டை கிடைத்தது. சாவி உள்ளே போயிற்று, வெண்ணெயில் போவதுபோல, அதற்காகவே காத்திருந்ததுபோல.

கழற்ற வேண்டும். சீக்கிரம் கழற்ற வேண்டும்.

கை திருப்பியது.

இடப்பக்கம்.

கிளிக்.

தம்பியின் தொண்டையிலிருந்து ஒரு சத்தம் வந்தது. காதுக்குக் கீழே இன்னொரு சத்தம், பச்சைக் கட்டை விரிசல் விடும் சத்தம். அதைக் கேட்ட பிறகுதான் கை என்ன செய்தது என்று மூத்தவருக்குப் புரிந்தது. தலைகீழ். உள்பிடிக்கு அப்படியே தலைகீழ்.

"இல்ல. இல்லடா, தப்பாத் திருப்பிட்டேன். வலம். வலந்தான். இரு..."

வலப்பக்கம் திருப்பினார். சாவி நகரவில்லை. இரண்டு கையாலும் திருப்பினார். நகரவில்லை. கையை எடுக்கப் பார்த்தார். விரல்கள் சாவியை விடவில்லை. அவர் பிடித்திருக்கவில்லை. ஆனாலும் விடவில்லை.

கரண்டு வந்தது.

குழல்விளக்கு இரண்டு முறை துடித்து எரிந்தது. தம்பியின் கண்கள் வெகு அருகில் இருந்தன. அவற்றில் நீர் இருந்தது, வலி இருந்தது. இரண்டுக்கும் மேலே, தெளிவாக, இன்னொன்று இருந்தது. மூத்தவருக்கு அந்தப் பார்வை நன்றாகத் தெரியும். கன்னத்தில் தையல் போட்ட நாள் முதல், இவ்வளவு காலமும், அவர் தம்பியைப் பார்த்து வந்த பார்வை அது.

"நான் வேணும்னு பண்ணலடா," என்றார்.

தம்பி பார்த்துக்கொண்டே இருந்தான். நம்பவில்லை.

வெளியே சந்தில் தண்ணீரை மிதித்துக்கொண்டு யாரோ ஓடி வரும் சத்தம் கேட்டது. "மாமா? மாமா, அவர் உள்ள இருக்காரா?"

அவர் கைக்குள் சாவி மெல்ல அசைந்தது. இன்னும் கால் சுற்று. இடப்பக்கம்.